முள்ளந்தண்டு வளைந்தால்: சத்திரசிகிச்சைக்கு உடன்படுவதா?

புதிய ஆண்டுக்குப் பாடசாலைச் சட்டை தைக்கும் காலத்திலே, அளவு நாடாவுடன் நிற்கும் தையற்கார அம்மா சில வேளைகளில் இப்படிச் சொல்வதுண்டு: "பிள்ளைக்கு ஒரு பக்கத் தோள் உயர்ந்து நிக்குது, தங்கச்சி. கவனிச்சனீங்களோ?"

அதைக் கேட்டு வீட்டில் எவரும் பெரிதாகக் கலங்குவதில்லை. புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுவதால் வந்த குறை என்று தகப்பனார் சொல்லிவிடுவார். குனிந்திருந்து வாசிப்பதால் வந்தது என்று அம்மம்மா தீர்ப்புக் கூறுவார். "நிமிர்ந்து நில்" என்ற அதட்டலோடு விஷயம் முடிந்துவிடும். ஓராண்டு கழித்து, பிள்ளை முற்றத்தில் குனிந்து பூப் பொறுக்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்து நிற்பதைத் தாய் காண்கிறாள். பின்னர் வைத்தியர், எக்ஸ்றேப் படம், விசேட வைத்தியர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஈற்றில் ஒரு நாள், "வளைவு ஐம்பது பாகையைத் தாண்டிவிட்டது, சத்திரசிகிச்சையைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள்" என்ற வார்த்தை வருகிறது. அன்றிரவு அந்த வீட்டிலே எவருக்கும் நித்திரை வருவதில்லை.

யோசித்துச் சொல்வதென்றால் எதனை யோசிப்பது? பிள்ளையின் முதுகைத் திறந்து, முள்ளந்தண்டிலே உலோகக் கம்பிகளைப் பொருத்தும் ஒரு காரியத்துக்குச் சம்மதிப்பதா, மறுப்பதா? அச்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. ஊரார் வாய்க்கு அஞ்சும் வெட்கம் மறு பக்கம் இழுக்கிறது. இவ்விரண்டும் நல்ல ஆலோசகர்கள் அல்ல என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது. இது அளவுகளைக் கொண்டும், பிள்ளையின் மனத்தைக் கேட்டும் எடுக்கவேண்டிய முடிவு.

யாருடைய குற்றமும் அன்று

நமது முள்ளந்தண்டிலே கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, நாரியில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் நின்று பார்த்தால் இந்த அடுக்கு நேர்கோடாகத் தோன்றவேண்டும். அஃது ஒரு பக்கமாக வளைந்து, அத்துடன் முறுக்கியும் கொண்டால் அதனையே 'ஸ்கோலியோசிஸ்' என்று வைத்தியர்கள் அழைக்கின்றனர். தமிழிலே பக்கவளைவு எனலாம். முன்பக்கமாகக் குனிந்துவிடும் கூன் வேறு, இது வேறு. முள்ளந்தண்டு முறுக்கிக்கொள்ளும்போது விலா எலும்புகளும் அதனோடு திரும்புகின்றன. குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுவது இதனாலேயே.

வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் இப்பெயர் பொருந்தும். வளரிளம் பருவத்தினர் நூறு பேரை எடுத்தால் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இத்தகைய வளைவு இருக்கும். சிறு வளைவுகள் ஆண் பிள்ளைகளிடமும் பெண் பிள்ளைகளிடமும் ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகின்றன. பெரிதாக வளர்ந்து சிகிச்சை வேண்டிநிற்கும் வளைவுகளோ பெரும்பாலும் பெண் பிள்ளைகளையே பற்றுகின்றன.

இது எதனால் வருகிறது? பிறக்கும்போதே முள்ளெலும்பு குறைபட்டிருந்தாலோ, தசை நரம்பு நோய்கள் இருந்தாலோ வளைவு உண்டாகலாம். அவற்றுக்கான சிகிச்சை முறைகள் வேறு. வளரிளம் பருவத்திலே, மற்றெல்லா வகையிலும் சுகதேகியான பிள்ளைக்கு வரும் வளைவுக்கு உறுதியான காரணத்தை வைத்திய உலகம் இன்னும் கண்டறியவில்லை. பரம்பரைத் தொடர்பு உண்டென்பது தெரிகிறது. ஆகவே அக்காவுக்கு வளைவு இருந்தால் தங்கையின் முதுகையும் பார்த்துவைப்பது நல்லது. ஆனால் புத்தகப் பை காரணமன்று. இருக்கும் விதம் காரணமன்று. தாய் கர்ப்பகாலத்தில் உண்டதோ உண்ணாததோ காரணமன்று. "நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார் முதலிலே இந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டும். குற்ற உணர்ச்சியோடு எடுக்கும் முடிவு தெளிவாக அமைவதில்லை.

ஒரு வைத்தியரின் முதுகு கற்பித்த பாடம்

பிள்ளையைக் குனியச் செய்து முதுகைப் பார்க்கும் எளிய பரிசோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. கிதியன் மன்ரெல் என்பவர் இங்கிலாந்திலே வைத்தியராகவும் மண்ணியல் அறிஞராகவும் விளங்கியவர். இகுவானோடன் என்னும் பூர்வகாலப் பெரும் பல்லியினத்தை உலகுக்கு அறிவித்தவர். 1841ஆம் ஆண்டில் குதிரை வண்டி விபத்தொன்றில் சிக்கிய பின்னர் முதுகு வேதனையால் பல்லாண்டு துன்புற்று 1852இல் மறைந்தார். அவரது உடலைப் பரிசோதித்தபோது முள்ளந்தண்டு பெரிதும் வளைந்து முறுக்கியிருப்பது தெரியவந்தது. அந்த முள்ளந்தண்டை ஆராய்ந்த வில்லியம் அடம்ஸ் என்ற சத்திரவைத்தியர், நிமிர்ந்து நிற்கையில் மறைந்திருக்கும் முறுக்கல் குனியும்போது வெளிப்படும் என்பதை 1865இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். இன்றும் உலகெங்கும் இப்பரிசோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதனை வீட்டிலேயே செய்யலாம். பிள்ளை இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால் மடக்காது, இரு உள்ளங்கைகளையும் இணைத்துத் தொங்கவிட்டபடி குனியவேண்டும். பின்னால் இருந்து பார்க்கும் தாய்க்கு முதுகின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்திலும் உயர்ந்து தோன்றுமாயின் வைத்தியரிடம் காட்டவேண்டும். பத்து வயது தொடக்கம் பதினைந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் செல்லாது.

பாகையும் பருவமும்

எக்ஸ்றேப் படத்தைப் பார்த்து வைத்தியர் சொல்லும் 'பாகை' என்பது என்ன? வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிகவும் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகள் இரண்டைத் தெரிந்து, அவற்றின் சாய்வின்படி கோடுகள் கீறி, அக்கோடுகளுக்கிடையே உள்ள கோணத்தை அளப்பார்கள். அமெரிக்கரான டாக்டர் ஜோன் கொப் 1948இல் வகுத்த இம்முறையே இன்றும் உலகின் பொது அளவுகோல். இதிலே பெற்றோர் அறியவேண்டிய ஒன்றுண்டு. ஒரே படத்தை இருவர் அளந்தால், அல்லது ஒருவரே இரு முறை அளந்தால், ஐந்து பாகை வரையில் வேறுபாடு வரலாம். ஆகவே சென்ற முறை 31, இம்முறை 34 என்றவுடன் வளைவு கூடிவிட்டதென்று அஞ்சவும் வேண்டாம்; மூன்று பாகை குறைந்ததென்று எண்ணெய்க்கும் பத்துக்கும் புகழ் சாற்றவும் வேண்டாம்.

பாகைக்கு அடுத்தபடியாக வைத்தியர் கேட்பது வளர்ச்சியைப் பற்றியது. பிள்ளை இன்னும் எவ்வளவு உயரப்போகிறாள் என்பதே வளைவு இன்னும் எவ்வளவு கூடும் என்பதற்கு முக்கியமான குறி. வேகமாக வளரும் மாதங்களிலே வளைவும் வேகமாகக் கூடுகிறது. பெண் பிள்ளைகளின் மிக வேகமான வளர்ச்சி பெரியபிள்ளையாவதற்குச் சற்று முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி ஓய்ந்துவிடும். "பிள்ளை எப்போது பெரியவளானாள்?" என்று வைத்தியர் கேட்பது இதனாலேயே. நமது வீடுகளில் அதற்கு விடை சொல்வது எளிது. நாளும் நட்சத்திரமும் நேரமும் குறித்துவைத்து, சாமத்தியச் சடங்கும் செய்திருப்போம். சாதகம் பார்க்க எழுதிய அக்குறிப்பு வைத்தியருக்கும் பயன்படுகிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை எக்ஸ்றேயிற் பார்த்தும் வளர்ச்சியைக் கணிப்பார்கள். டாக்டர் ஜோசப் றிசர் 1958இல் எடுத்துக்காட்டிய முறை இது.

மூன்று வழிகள்

இவ்விரு அளவுகளையும் வைத்துக்கொண்டு வைத்தியர் மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டுவார்.

முதலாவது, காத்திருந்து பார்த்தல். வளைவு 20 அல்லது 25 பாகைக்குக் குறைவாயின் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிப்பதே போதுமானது. வளைவுகளிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, உடற்கவசம். வளைவு 25 முதல் 40 பாகை வரையில் இருந்து, பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் இதனை அணியச் சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் மில்வோக்கியில் உருவான கவசம் இடுப்பிலிருந்து கழுத்து வளையம் வரை நீண்டிருந்தது. இன்றையவை பெரும்பாலும் சட்டைக்குள் மறையும் பிளாஸ்ரிக் கவசங்கள். இவை உண்மையிலே பலன் தருகின்றனவா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பேராய்வொன்றின் முடிவு 2013இல் வெளிவந்து அந்த ஐயத்தைத் தீர்த்தது. கவசம் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேர் வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை முடித்தனர். அணியாதோரில் அவ்வாறு தப்பியோர் நூற்றுக்கு 48 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் வெற்றி கண்டனர். கவசத்தை அலுமாரியில் வைத்திருப்பதாற் பயனில்லை என்பது இதன் பொருள். நம் நாட்டு வெக்கையிலே அதனை அணிவது பிள்ளைக்கு எளிதன்று. ஆயினும் சத்திரசிகிச்சையைத் தவிர்க்க விரும்பும் குடும்பம் உழைக்கவேண்டிய காலம் இதுவே.

மூன்றாவது, சத்திரசிகிச்சை. பொதுவாக வளரும் பிள்ளைக்கு 45 பாகையையும், வளர்ந்து முடிந்தவளுக்கு 50 பாகையையும் வளைவு கடக்கும்போது இப்பேச்சு எழுகிறது.

ஐம்பது என்ற எல்லை ஏன்?

அந்த எண்ணை எவரும் மனம்போனபடி வகுக்கவில்லை. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக வைத்தியர்கள், சிகிச்சை பெறாத நோயாளரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தனர். வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குக் குறைவாயிருந்த வளைவுகள் பின்னர் கூடவில்லை. 50 முதல் 75 பாகை வரையிலிருந்த மார்புப்பகுதி வளைவுகளோ வளர்ச்சி நின்ற பின்னரும் ஆண்டுக்கு ஒரு பாகையளவில் கூடிக்கொண்டே சென்றன. ஒரு பாகை என்பது சிறிதுதான். ஆனால் பதினாறு வயதில் 55 பாகையோடு இருப்பவள் நாற்பது வயதில் 80 பாகையை நெருங்கிவிடலாம் என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் காணலாம். அந்த அளவை மார்புப்பகுதி வளைவு கடக்கும்போது நெஞ்சறை நெருக்கப்பட்டு மூச்சுத் திணறல் உண்டாகும் வாய்ப்புக் கூடுகிறது.

அதே வைத்தியர்கள் 2003இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கையையும் நாம் மறைக்கலாகாது. சிகிச்சை பெறாத 117 பேரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் வேலை செய்து, குடும்பம் நடத்தி, மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தனர். அவர்களின் ஆயுளும் குறைந்திருக்கவில்லை. நாட்பட்ட முதுகுவலி அவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கும், வளைவில்லாதோரில் நூற்றுக்கு 35 பேருக்கும் இருந்தது. வலி இருந்தோரிலும் பெரும்பாலோர் அது சிறிதளவோ நடுத்தர அளவோதான் என்றனர். உடல் தோற்றத்தைப் பற்றிய மனக்குறை அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து வாசிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிள்ளை படுக்கையில் வீழ்ந்துவிடுவாள் என்று அச்சுறுத்துவதும் பிழை. செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்வதும் பிழை. ஐம்பது பாகைக்குட்பட்ட வளைவுக்குக் கத்தி பெரும்பாலும் வேண்டியதில்லை. எண்பதை நோக்கிச் செல்லும் வளைவுக்கு அஃது இல்லாமல் ஆகாது. இடைப்பட்ட இடத்திலேதான் குடும்பம் உண்மையிலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐம்பதைக் கடந்த வளைவை எண்ணெயோ, பத்தோ, உருவுதலோ, தேகப்பயிற்சியோ நேராக்கியதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. பயிற்சி உடலுக்கு நல்லது, அதனைச் செய்யட்டும். அதை நம்பி வளரும் காலத்தைக் கழித்துவிடுவதுதான் தீமை.

கத்தி கடந்துவந்த பாதை

சத்திரசிகிச்சை என்றதும் வீட்டிலுள்ள முதியவர்கள் கைகால் விளங்காமற் போன கதைகளைக் கூறுவார்கள். அக்கதைகள் முற்றும் பொய்யல்ல; ஆனால் பழையவை.

1911இல் நியூயோர்க் நகரில் டாக்டர் ரசல் ஹிப்ஸ் என்பவர், காசநோயாற் சிதைந்த முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பொருந்தி வளரச் செய்யும் சத்திரசிகிச்சையை ஆரம்பித்தார். 1914இல் அதனைப் பக்கவளைவுக்கும் கையாண்டார். அக்காலத்தில் வளைவைப் பிடித்துவைக்க உடலுக்குள் எதுவும் இல்லை. நோயாளர் மாதக்கணக்காகச் சாந்துக்கட்டுக்குள் படுத்தே கிடக்கவேண்டும். அவ்வளவு துன்பப்பட்டும் பலன் நிச்சயமில்லை. 1941இல் அமெரிக்க நிபுணர்கள் 425 நோயாளரின் பெறுபேறுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 69 பேருக்குப் பலன் நடுத்தரமாகவோ மோசமாகவோ அமைந்திருந்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முள்ளந்தண்டு வளைந்த சிறுவர்களுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் போல் ஹரிங்டன், உள்ளேயே கொளுவிகளோடு பொருத்தும் உருக்குக் கம்பியை உருவாக்கி, தமது அனுபவத்தை 1962இல் வெளியிட்டார். புதிய காலம் அதனோடு தொடங்கியது. அதிலும் குறை இருந்தது. அக்கம்பி நாரிக்கு இயற்கையாக உள்ள உள்வளைவையும் தட்டையாக்கிவிட்டதால், சிலர் பிற்காலத்தில் வலியால் வருந்தினர். 1980களில் பிரான்சு தேசத்து வைத்தியர்களான கொற்றேல், டியூபூசே இருவரும் இரட்டைக் கம்பிகளாற் பல இடங்களிற் பிடித்து முறுக்கலையும் திருத்தும் முறையைக் கொண்டுவந்தனர். 1990கள் தொடக்கம் முள்ளெலும்புக்குள் நேரடியாகச் செலுத்தும் திருகாணிகள் பரவின. சாந்துக்கட்டுக்குள் மாதக்கணக்காகக் கிடந்த காலம் போய்விட்டது.

அந்த நாளும் அதன் பின்னரும்

இன்று நடப்பது இதுதான். பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகின் நடுவே திறந்து, வளைந்த பகுதியிலுள்ள முள்ளெலும்புகளில் திருகாணிகளைச் செலுத்தி, இரு கம்பிகளை இணைத்து, வளைவை மெல்ல மெல்ல நிமிர்த்துவார்கள். பின்னர் மூட்டுகளைச் செதுக்கி எலும்புத் துகள்களைப் பரப்புவார்கள். ஒட்டுமரத்திலே ஒட்டுப் பொருந்துவதுபோல, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அவ்வெலும்புகள் ஒரே எலும்பாக இணைந்துவிடும். கம்பியின் வேலை அதுவரை பிடித்துக்கொண்டிருப்பதே. பல மணித்தியாலங்கள் செல்லும் வேலை இது.

பெற்றோரின் பெரிய பயம் நரம்பைப் பற்றியது. முள்ளந்தண்டின் நடுவே முண்ணாண் செல்கிறது. 1973இல் பிரெஞ்சு வைத்தியர்கள் ஒரு வழியை வெளியிட்டனர். சத்திரசிகிச்சையின் நடுவிலேயே நோயாளரைச் சற்று மயக்கந் தெளிவித்து, "காலை அசை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். அசைத்ததும் மீண்டும் மயக்கத்தில் ஆழ்த்துவார்கள். இக்காலத்தில் கைகால்களில் மின்முனைகளைப் பொருத்தி, நரம்புச் செய்திகள் தடையின்றிச் செல்கின்றனவா என்பதை வேலை நடக்கும்போதே தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஏதேனும் குறைந்தால் உடனே கையை நிறுத்தி நிமிர்த்தலைத் தளர்த்துவார்கள். வளரிளம் பருவத்தினரின் சாதாரணப் பக்கவளைவுச் சத்திரசிகிச்சையில் நரம்புப் பாதிப்பு ஏற்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதன்று. புண்ணிற் கிருமி தொற்றுதல், திருகாணி இளகுதல், எலும்பு பொருந்தாமை ஆகியவற்றால் சிலருக்கு மறுபடி சத்திரசிகிச்சை வேண்டிவரலாம். இவற்றை மறைக்காமற் சொல்லும் வைத்தியரையே நாம் நம்பவேண்டும்.

முதல் சில நாட்களில் வலி கடுமையாக இருக்கும். ஆயினும் ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்கவைப்பார்கள். பொதுவாக ஒரு வாரமளவில் வீடு செல்லலாம். நாலு முதல் ஆறு வாரத்தில் பாடசாலை. கடும் விளையாட்டுகள் ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில். வளைவு முற்றாக மறையாது; அரைப்பங்குக்கு மேல் திருந்தும். பிள்ளை ஒரே நாளிலே சில சென்ரிமீற்றர் உயர்ந்துவிடுவாள்!

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. இணைக்கப்பட்ட பகுதி இனி ஒருபோதும் வளையாது. மார்புப்பகுதி மட்டும் இணைக்கப்பட்டால் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது, இடுப்பிலிருந்தே குனியலாம். நாரி வரை இணைத்தால் நன்றாகவே தெரியும். பரதநாட்டியம் பயிலும் பிள்ளைக்கும், வலைப்பந்தாட்டம் ஆடும் பிள்ளைக்கும் இது சிறிய விஷயமன்று. எந்த எலும்பு தொடங்கி எந்த எலும்பு வரை இணைக்கப்போகிறீர்கள் என்று வைத்தியரைக் கேட்காமற் கையொப்பமிட வேண்டாம். இணைக்காமல், வளைவின் வெளிப்புறத்தே நெகிழும் கயிற்றால் இழுத்து, வளர்ச்சியைக் கொண்டே நிமிர்த்தும் புதிய முறையொன்றுக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. அஃது இன்னும் வளரும் பிள்ளைகளிற் சிலருக்கே பொருந்தும். நெடுங்காலப் பலன்கள் இனித்தான் தெரியவரும்.

யார் முடிவெடுப்பது?

நமது குடும்பங்களிலே இம்முடிவில் பலர் பங்குகொள்வர். பெரியப்பா ஒரு கருத்துச் சொல்வார். வெளிநாட்டிலிருக்கும் மாமி தொலைபேசியில் வேறொன்று சொல்வார். "நாளைக்குக் கலியாணம் பேசும்போது முதுகிலே தழும்பு இருந்தால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்பார். "வளைந்த முதுகோடு இருந்தால் மட்டும் கேட்கமாட்டார்களா?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். இந்த வாக்குவாதம் நடக்கும்போது பிள்ளை எங்கே இருக்கிறாள்? பெரும்பாலும் அடுத்த அறையிலே, கதவுக்குப் பின்னால், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளை அழைத்து நடுவில் இருத்தவேண்டும் என்பதே நமது கருத்து. பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றிக் கேட்க வேண்டியவை பல உண்டு. தனக்கு வலிக்குமா, திரும்பவும் ஓடலாமா, தன் சிநேகிதிகளுக்கு என்ன சொல்வது, மயக்கத்திலிருந்து எழாமற் போவேனா என்பனவெல்லாம் அவள் மனத்தில் உள்ளன. பெற்றோர் முன்னிலையில் கேட்கத் தயங்கினால் வைத்தியரோடு சிறிது நேரம் தனியே பேச விடலாம். தானும் சேர்ந்து எடுத்த முடிவென்றால், சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கடினமான நாட்களை அவள் வேறு மனத்தோடு தாங்குவாள். கலியாணப் பேச்சுக்கும் ஒரு விடை உண்டு. முள்ளந்தண்டு இணைக்கப்பட்ட பெண்கள் கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார்கள். பிரசவ வேளையில் முதுகில் ஊசியேற்றி வலி தணிப்பது மட்டும் சிலருக்குக் கடினமாகலாம். அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்தாற் போதும்.

தழும்பைப் பற்றி ஓர் உதாரணம் கூறலாம். இங்கிலாந்து அரசகுடும்பத்தைச் சேர்ந்த இளவரசி யூஜினிக்குப் பன்னிரண்டு வயதில், 2002இல், லண்டனிலுள்ள எலும்பு வைத்தியசாலையொன்றில் இச்சத்திரசிகிச்சை நடைபெற்றது. எட்டு மணித்தியாலம் சென்றது. இரு புறமும் டைற்றேனியம் கம்பிகள் பொருத்தப்பட்டன. 2018 ஒக்ரோபரில் அவரது திருமணம் நடந்தபோது, முதுகுத் தழும்பு எல்லோருக்கும் தெரியும்படியாகவே மணவாடையைத் தைப்பித்து அணிந்தார். நமது பெண்கள் அவ்வாறு உடுக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தழும்பு ஒளிக்கவேண்டிய குற்றமன்று என்பதை மட்டுமே சொல்கிறோம்.

வைத்தியரிடம் கேட்கவேண்டியவை

இது வெடித்த குடல்வால் போன்று அன்றே வெட்டவேண்டிய அவசரமன்று. சில வாரங்கள் சிந்திக்கலாம். இரண்டாவது வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயத்தையும் பெறலாம். நல்ல வைத்தியர் எவரும் அதற்காகக் கோபிக்கமாட்டார். பரீட்சைக் காலத்தையும் பார்த்து நாள் குறிக்கலாம். நல்ல நாள் பார்க்க விரும்பும் குடும்பம் வைத்தியர் தரும் நாட்களுக்குள்ளே ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். நாள் பார்ப்பதிலே ஆண்டைக் கடத்திவிடலாகாது.

போகும்போது ஒரு காகிதத்தில் இக்கேள்விகளை எழுதிச் செல்வது நல்லது. இன்றைய வளைவு எத்தனை பாகை, சென்ற முறை எத்தனை? பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிஞ்சியிருக்கிறது? செய்யாமல் விட்டால் இருபது ஆண்டில் என்ன எதிர்பார்க்கலாம்? எத்தனை எலும்புகளை இணைப்பீர்கள்? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதனைச் செய்கிறீர்கள்? நரம்பைக் கவனிக்கும் கருவி உண்டா? செலவில் எதனை நாம் ஏற்கவேண்டும்? விடைகளைப் பிள்ளையே எழுதிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் கேட்டறிந்த பின் ஒரு குடும்பம் சம்மதிக்கலாம். 48 பாகையில் வளர்ச்சி ஓய்ந்த பிள்ளையின் குடும்பம் பொறுத்துப் பார்ப்போம் என்று தீர்மானிக்கலாம். இரண்டும் நல்ல முடிவாகலாம். அவ்வாறு பொறுக்கத் தீர்மானித்தவர்கள் வைத்தியர் குறித்த காலத்தில் மீண்டும் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பதை மட்டும் மறக்கலாகாது. வெட்கத்தால் ஒளித்துவைப்பதும், அச்சத்தால் ஒத்திவைத்துக்கொண்டே போவதும் முடிவுகள் அல்ல. குடும்பம் பேசாமலிருக்கும் ஆண்டுகளிலும் வளைவு தன்பாட்டிற் கூடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தலை முழுகி எழுந்த பிள்ளைக்குக் கூந்தல் உலர்த்தும் வேளையில், தாய்மார் ஒரு நிமிடம் அவளைக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்துவிடுவார்களாக. அநேகமாக ஒன்றும் இராது. இருந்தாலும், நேரத்தோடு கண்டவர்களுக்குத் தெரிந்தெடுக்க வழிகள் பல உள்ளன.